இழுக்காமல் வாசியுங்கள்: நடுவேகப் பேலட் கேள்வி பதில்

இருபது வருடமாக மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். மேற்கத்திய பாப்பில் நடுவேகப் பேலட்கள் (உருக்கமான பாட்டுகள்) பற்றி வந்த கேள்விகளில், சொல்ல ஏதாவது இருப்பவற்றை எடுத்துக்கொண்டேன்.

கே: நடுவேகம் என்றால் எத்தனை பிபிஎம்?

ப: பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது. நடுவேகம் உத்தேசமாக 75 முதல் 120 வரை. பாட்டைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் சாதாரணமாக நடக்க வந்தால் அது நடுவேகம். பேலட்தானே என்று இழுத்து இழுத்து வாசிக்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

கே: ஒரே ஒரு பாட்டுதான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள் சார்?

ப: ட்ரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’, 1988. பேலட் என்றால் உருகும் காதல் பாட்டு என்று ஆகிவிட்டது. அந்தச் சொல்லின் பழைய பொருள் கதைப்பாடல். இது நிஜமாகவே கதைப்பாடல். குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட பெண், கார் வைத்திருக்கும் ஒருவரோடு ஊரைவிட்டுப் போகிறாள். வேலை கிடைக்கிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. கடைசியில் அந்த ஆளும் அப்பா மாதிரியே குடியில் கிடக்கிறார்.

இதையெல்லாம் அழாமல், பேசுவது போல் பாடுகிறார். ஒரே கிட்டார் வரி சுற்றிச் சுற்றி வரும். கோரஸில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவியில்) டிரம்ஸ் முழுதாக இறங்கும்போது வேகம் கூடியது போல் இருக்கும். உண்மையில் கூடுவதில்லை, அதே 104 சுமார்தான். நம் ஆட்கள் அந்த இடத்தில்தான் வேகத்தைக் கூட்டி ஓடிவிடுகிறார்கள்.

இன்னொன்று. 1988 ஜூனில் லண்டன் வெம்ப்ளியில் மண்டேலாவின் 70வது பிறந்தநாள் நிகழ்ச்சி. சாப்மன் தன் முறைக்குப் பாடி முடித்துவிட்டார். பிறகு பாட இருந்த ஸ்டீவி வொண்டரின் கீபோர்டுக்கான ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை. மேடையைக் காலியாக விட முடியாது. சாப்மனையே கிட்டாரோடு மறுபடி அனுப்பினார்கள். அப்போது பாடியதுதான் இந்தப் பாட்டு. அப்புறம் 2023இல் லூக் கோம்ப்ஸ் பாடிய வடிவம் அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அசலே ஆறாம் இடத்தோடு நின்றிருந்தது.

கே: ‘ஏன்ட் நோ சன்ஷைன்’ பாட்டுக்கு வேகம் கணக்கிடும் என் ஆப் 156 காட்டுகிறதே?

ப: ஆப் இரட்டிப்பாக எண்ணுகிறது. பாதியாக்குங்கள், 78. பில் விதர்ஸ் 1971இல் இதைப் பாடியபோது விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ‘எனக்குத் தெரியும்’ என்று 26 தடவை வரும். அங்கே வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார். கூட இருந்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். மேடையில் அந்த 26ஐ எண்ணிப் பாடுங்கள். குறைத்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

கே: அண்ணா, ரிசப்ஷனுக்கு ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ வாசிக்கலாமா?

ப: வேண்டாம். 1983இல் அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு, 117 பிபிஎம், அருமையான கிட்டார். ஆனால் விட்டுப்போன பெண்ணின் ஒவ்வொரு மூச்சையும் அடியையும் கவனித்துக்கொண்டிருப்பேன் என்கிறவனின் பாட்டு. அதை எழுதிய, போலீஸ் குழுவின் பாடகர் ஸ்டிங்கே அதை இனிமையான காதல் பாட்டாக நினைக்கவில்லை.

கே: எங்கள் கல்யாணத்தில் அதைத்தான் போட்டோம். கேட்கிறவர்கள் காதலாக எடுத்துக்கொண்டால் அது காதல் பாட்டுதானே?

ப: நீங்கள் நன்றாக இருங்கள். ஆனால் ஒரு பாட்டு எதை வேண்டுமானாலும் சொல்லும் என்றால் வரிகள் எதற்கு, ஹம்மிங் போதுமே?

கே: ‘ஐ’ல் பி மிஸ்ஸிங் யூ’வில் அதே கிட்டாரை வைத்து அஞ்சலிப் பாட்டாக்கினார்களே. அப்போது இசைக்குப் பொருள் மாறவில்லையா?

ப: இது நல்ல அடி. 1997இல் ராப் பாடகர் பஃப் டாடி செய்தது அதுதான். மெட்டு ஏறக்குறைய அப்படியே இருக்க, வரிகள் மாறியதும் வேட்டையாடுகிற பாட்டு இரங்கல் பாட்டாகிவிட்டது. சரி, இசை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். வரி விஷயத்தில் மாட்டேன். மாற்றியது வரியைத்தான், பாருங்கள். இதே சண்டைக்கு இன்னும் ஏழு பேர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் இதுதான் பதில்.

கே: மீடியம் டெம்போ எத்தனை பிபிஎம் சார்?

ப: மேலே பாருங்கள்.

கே: கிட்டார் பழகி மூன்று மாதம். எதில் ஆரம்பிக்கலாம்?

ப: ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ட்ரீம்ஸ்’, 1977. பாட்டு ஏறக்குறைய முழுக்க எஃப், ஜி என்ற இரண்டு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்புகள்) மாறி மாறி வரும். பார் பிடிக்க (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்த) விரல் வலித்தால் எஃப்புக்குப் பதில் எளிதான எஃப் மேஜர் செவன் போதும். அமெரிக்காவில் அந்தக் குழுவுக்கு முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு இது. 120 என்று மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) வைத்துக்கொண்டு வாசியுங்கள், தம்பி. 105க்கு இறங்கினால் தாலாட்டு.

கே: ‘ஐ’ம் நாட் இன் லவ்’வில் பின்னால் வரும் கூட்டுக்குரல் போன்ற ஒலி எந்தக் கீபோர்டு?

ப: கீபோர்டே இல்லை, குரல்கள். 1975, இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. டென்சிசி (10cc) குழுவின் மூன்று பேர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் 16 தடவை பாடினார்கள். ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். பதிவு நாடாவை வளையமாக இணைத்து ஓயாமல் ஓடவிட்டு, மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கி கார்டுகளை உண்டாக்கினார்கள். முதலில் போஸா நோவா என்ற பிரேசில் பாணியில் செய்து பார்த்து, பிடிக்காமல் தூக்கிப் போட்ட பாட்டு.

கே: விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’?

ப: அது மெதுவான பாட்டு. பாடகர்களிடம் கேளுங்கள்.

கே: எல்லாப் பாட்டுக்கும் கார்டு அனுப்ப முடியுமா?

ப: முடியாது. ‘ட்ரீம்ஸ்’ இரண்டு கார்டு, மேலே இருக்கிறது.

கே: எத்தனை பிபிஎம் என்று சொன்னால்...

ப: நடந்து பாருங்கள் ஐயா.