எதிர்பாராத கஷ்டங்கள் வரும்போது கிறிஸ்தவ விசுவாசத்தையும் நம்பிக்கையையும் எப்படிக் காத்துக்கொள்கிறீர்கள்?

உள்ளதைச் சொன்னால், நான் காத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை கீழே போட்டுவிட்டேன். இரண்டு முறையும் வேறு யாரோதான் எடுத்துக் கையில் கொடுத்தார்கள்.

எனக்கு ஊர் அவிநாசி. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். 2011 ஜனவரியில், சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலக்கிற வழக்கில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, எங்களுடையதும் சேர்ந்து. வீட்டுக் கடன், பையனின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அப்படியே இருந்தன. ஆலயத்தில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எனக்கு ஏன்?" என்று கேட்டேன்.

என் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது ஒரத்துப்பாளையம் பக்கம். அங்கே அணையில் தேங்கியது எங்கள் சாயத்தண்ணீர்தான். அவர்கள் கிணறு கெட்டு, தென்னை காய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. என் புலம்பலையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க கெணத்துக்கு நாங்களும் இப்புடித்தான் கேட்டோம் கண்ணு" என்றார். அவ்வளவுதான். குத்திக்காட்டும் பேச்சும் இல்லை. அன்றிலிருந்து அந்த ஜெபம் என் வாயில் வரவில்லை. வருகிற துன்பம் எல்லாவற்றையும் சோதனை என்று ஆண்டவர் கணக்கில் எழுதுகிறோமே, அதில் நம் கை எவ்வளவு என்று பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

ஆனால் 2019இல் வந்தது அந்த வகை இல்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வருஷம் என் மனைவிக்கு வந்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருமே, அது. பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். ஏப்ரலில் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்றார்கள். வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். ஒரு ராத்திரி அந்த அட்டையைப் பிய்த்து எறிந்தேன். குப்பைத்தொட்டியிலிருந்து அவளே எடுத்துத் துடைத்து வைத்தாள்.

உறவுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். இளநீரும் சாத்துக்குடியும் வரும். டயாலிசிஸ்காரர்களுக்கு இளநீர் ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத்துடிப்பிலேயே கை வைத்துவிடும். அன்போடு வெட்டிக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்வது பெரிய சங்கடம். சபையார் கொண்டுவந்த வசனங்களும் பாதி அந்த இளநீர் மாதிரிதான். நல்ல பொருள், அந்த நேரத்து உடம்புக்கு ஒத்துவராதது. "விசுவாசம் இருந்தா சொகமாயிரும்ங்க" என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் சுகமாகாததற்கு அவளுடைய விசுவாசக் குறைதான் காரணமா? இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. தப்புதான், ஆனால் உண்டு.

ஆலயத்தில் மணி அடிக்கிற பெரியவர் ஒருவர் மட்டும் வசனமே சொல்லவில்லை. செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரிக்கு வந்து, கையில் பேப்பரோடு வெளியே உட்கார்ந்துகொள்வார். "நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க தம்பி" என்பார். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; வாயைத் திறந்த பிறகுதான் வம்பே. அதை இவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவையும் சொல்ல வேண்டும். "மொதலை முழுங்குன பையனையே திருப்பிக் குடுத்த ஊருங்க இது" என்று அவிநாசியப்பர் கோயிலுக்குப் போய் இவளுக்காக வேண்டிக்கொண்டு வருவார். சுந்தரர் பாடியதும் முதலை பிள்ளையைக் கக்கிய கதை அது. டயாலிசிஸ் நாளில் எங்கள் வீட்டுச் சோறு அவர் கைச்சமையல்தான், உப்புக் குறைவாக. இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும் என்று போதகரிடம் நான் கேட்கவில்லை.

அந்தக் காத்திருப்பு அறையில்தான் எரேமியா 29ஐ முழுசாகப் படித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அட்டையில் இருப்பதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது! அதற்கும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டுச் சாப்பிடுங்கள் என்று. அட்டையில் அதையெல்லாம் அச்சடிப்பதில்லை. எனக்கோ அதுதான் ஆறுதலாக இருந்தது. சீக்கிரம் சரியாகும் என்று யாரும் ஏமாற்றவில்லை பாருங்கள்.

அப்புறம் 88ஆம் சங்கீதம். முறையிடுகிற மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடியும். அதுவும் வேதாகமத்தில் இருக்கிறது என்றால் என் கோபத்தையும் ஜெபமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. சில நாள் என் ஜெபம் வெறும் சண்டைதான்.

கேள்வியில் விசுவாசம், நம்பிக்கை என்று இரண்டு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். பேச்சில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம், வேதாகமத்தில் தனித்தனி. ஆண்டவர் இருக்கிறார், கேட்கிறார் என்பது எனக்கு ஒருபோதும் போகவில்லை. இல்லாதவரோடு யார் சண்டை போடுவார்கள்? நாளைக்கு நன்றாக இருக்கும் என்கிற நம்பிக்கைதான் வரும், போகும். என் மனைவிக்கு அது என்னைவிட அதிகம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவள் திருவிருந்து முடிந்து வந்து, "ஏனுங்க, அந்தத் திராட்சரசத்தையும் கணக்குல சேத்தோணுமா?" என்று கேட்கிறாள்.

உங்கள் கஷ்டம் புதிது என்றால் ஒன்று சொல்வேன். "ஏதாவது உதவி வேணுங்களா?" என்று சபையில் யாராவது கேட்டால், "ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நான் ஏழு மாதம் அப்படித்தான் அனுப்பினேன். வண்டி இருக்கிறதா, செவ்வாய்க்கிழமை நான்கு மணி நேரம் வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள்.