தகரக் கூரைக்குக் கீழே 80 அங்குலம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புரொஜெக்டரைப் பற்றித்தான். ஐப்பசி மழை பிடித்தால் மலையில் ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறோம், அப்புறம் படம் பார்க்காமல் என்ன செய்வது! குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் 19 வருஷம் லேப் உதவியாளராக இருந்தவள் நான். அமிலக் குப்பிகளோடு இருந்ததைவிட அங்கிருந்த புரொஜெக்டர்களோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்குக் கோத்தகிரி. தேயிலை ஃபேக்டரியில் வேலை. முன்னறை 10 அடிக்கு 12 அடி. மேலே தகர ஷீட், அதற்குக் கீழே பலகை சீலிங். குறுக்குச் சுவரில் ஆறரை அடி அகலத்துக்கு ஒன்றும் மாட்டாமல் காலியாக இருக்கிறது. அப்பாவுக்குப் பழைய படங்கள், பையனுக்கு கிரிக்கெட். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. திருப்பூரில் என் மச்சான் ஆன்லைனில் 7,000 ரூபாய்க்கு ஒரு புரொஜெக்டர் வாங்கியிருக்கிறான். பெட்டியில் 12,000 லூமென், 4கே என்று போட்டிருக்கிறது. "இதுவே போதும், எதுக்கு வீண் செலவு" என்கிறான். அதையே வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம் தம்பி. மச்சானோடு சண்டைக்கும் போகவேண்டாம், அவர் ஊருக்கு அது ஓடிவிடும்.

முதலில் அந்த 12,000. லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. நிஜமாகவே 12,000 லூமென் தரும் புரொஜெக்டர் கல்யாண மண்டபத்துக்கு வைப்பது. தூக்க இரண்டு ஆள் வேண்டும், விலை லட்சக் கணக்கில். 7,000 ரூபாய் டப்பாவில் அந்த எண்ணைப் போடுகிறவர்கள் எதை அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. நீங்கள் தேடவேண்டிய சொல் 'ஆன்சி லூமென்'. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தை அளந்து சராசரி எடுத்துக் கணக்கிடும் முறை அது. பெட்டியில் 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் வெறும் லூமென் மட்டும் இருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே படிக்காதீர்கள்.

உங்களுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சினிமா தியேட்டர் திரைக்கு வைத்திருக்கும் அளவு ஏறக்குறைய சதுர அடிக்கு 16 லூமென். மூலைக்கு மூலை 80 அங்குலப் படம் என்றால் அகலம் 5 அடி 10 அங்குலம், உயரம் 3 அடி 3 அங்குலம், பரப்பு 19 சதுர அடி. பெருக்கினால் சுமார் 300. நன்றாக இருட்டிய அறையில் நிஜமான 300 போதும். விளக்கு தேயும், சுவர் தியேட்டர் திரை ஆகாது, சமையலறை வெளிச்சம் எட்டிப் பார்க்கும். அதனால் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 அங்குல ஆசை வேண்டாம். அதற்கு 7 அடி 3 அங்குல அகலம் வேண்டும், உங்கள் சுவரில் இடமில்லை. பரப்பும் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், அதே வெளிச்சம் அங்கே வெளுத்துவிடும்.

படத்தில் எத்தனை புள்ளிகள் என்று சொல்லும் 4கே விஷயமும் இப்படித்தான். '4கே சப்போர்ட்' என்றால் 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பேனலின் புள்ளிகளைத்தான் அது காட்ட முடியும். 'நேட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1920 பெருக்கல் 1080 இருக்கிறதா என்று பாருங்கள். 1280 பெருக்கல் 720 இருந்தால் பழைய படத்துக்குப் பரவாயில்லை. கிரிக்கெட் ஸ்கோர் போர்டு எழுத்து உறுத்தும்.

இனி மச்சானுக்குத் தெரியாத சங்கதிக்கு வருகிறேன். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊர். அதே மெல்லிய காற்றுதான் புரொஜெக்டருக்குள்ளும் போகிறது. கடற்கரையில் இருப்பதைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டை அள்ளிப்போகக் காற்று பத்தாது. "மலையில்தான் குளிருமே அக்கா" என்பீர்கள். குளிர் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஹீட்டர் போட்டு, ஏழு பேர் உட்கார்ந்த அறை குளிர்ந்த அறை இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு ஆண்டு விழா. சின்னக் குழந்தைகளின் படத்தொகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, இருபதாவது நிமிஷத்தில் திரை கறுத்துவிட்டது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டுகிறது. மொத்த ஹாலும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. சூடேறித் தானாக அணைந்துவிட்டிருக்கிறது. மெனுவில் 'ஹை ஆல்டிட்யூட்' என்று ஒரு வரி இருந்ததை மறுநாள் கையேட்டைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். அதைப் போட்டால் ஃபேன் வேகமாகச் சுற்றும். சத்தம் கூடும்தான், ஆனால் அணையாது. எப்சன், பென்க்யூ கம்பெனிகளின் கையேடுகளில் 1,500 மீட்டருக்கு மேல் இதைப் போடச் சொல்லியே எழுதியிருப்பார்கள். மலிவு டப்பாக்களில் இந்த வரியே இருக்காது. அவற்றில் எல்சிடி பேனலை ஒட்டிய பிலிம் சூட்டில் கருகிப் படத்தின் நடுவே மஞ்சள் கறை விழும். அது தேய்த்தால் போகிற கறை இல்லை.

ஆகவே வாங்கும் முன்னால் அந்த மாடலின் கையேட்டை இறக்கிப் படியுங்கள். எவ்வளவு உயரம் வரை ஓடும் என்று கடைசிப் பக்கங்களில் இருக்கும். 2,000 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. ஒன்றுமே எழுதாத கம்பெனி என்றால் விட்டுவிடுங்கள். வந்து இறங்கிய அன்றே முழு வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அதன் குணம் தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது? 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். படத்தின் அகலத்தை அதால் பெருக்கினால் சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம். 1.2 என்றால் உங்களுக்கு 7 அடி. பின்சுவரில் பலகை அடித்து 11 அடியில் வைத்தீர்களானால் படம் ஒன்பது அடி அகலத்துக்கு விரிந்து ஜன்னல் திரையில் பாதி ஓடும். மெனுவில் படத்தைச் சுருக்கலாமே என்று யோசிக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளை அணைத்துவைக்கிற வேலை அது. பக்கவாட்டில் வைத்து 'கீஸ்டோன்' போட்டு நிமிர்த்துவதும் அதே ரகம். ஒரு டீப்பாயை நடுவில் போட்டு ஏழடியில் நேராக வையுங்கள். அப்பாவின் நாற்காலி அதற்குப் பின்னால் இருக்கட்டும். சீலிங்கில் தொங்கவிட வேண்டாம். அறையின் சூடெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். பலகைக்கு மேலே எலி ஓடுகிற தூசு வேறு.

35,000த்தையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். 25,000 ரூபாய்க்குள் எல்இடி விளக்கு, நேட்டிவ் 1080பி (மேலே சொன்ன 1920 பெருக்கல் 1080தான்), 500 ஆன்சிக்குக் குறையாமல், தூசு புகாமல் மூடிய ஆப்டிக்கல் என்ஜின் (பேனலும் லென்ஸும் இருக்கும் பகுதி) உள்ளதாகப் பாருங்கள். சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரிலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். மீதியில் ஒரு டிவி ஸ்டிக் வாங்குங்கள், புரொஜெக்டரில் செருகி ஓடிடி படம் பார்க்கும் சின்னக் கருவி அது. மலிவு புரொஜெக்டர்களில் உள்ளேயே வரும் ஓடிடி ஆப்கள் பலவற்றுக்கு முறையான அனுமதி இருக்காது, படம் 480பியில் மங்கலாக வரும். அப்புறம் கனமான ஜன்னல் திரை. அப்புறம் ஸ்பீக்கர். இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். தகரத்தில் மழை இறங்கும்போது புரொஜெக்டருக்குள் இருக்கும் ஐந்து வாட் ஸ்பீக்கர் வாயசைக்கும், வார்த்தை வராது. ஸ்பீக்கரை ஒயரில் இணையுங்கள். புளூடூத்தில் பல சமயம் உதடு அசைந்த பிறகுதான் குரல் வருகிறது, பழைய பாட்டுக்கு அது கொடுமை. திரை இப்போதைக்கு வேண்டாம். மினுமினுப்பு இல்லாத வெள்ளை பெயின்ட் ஒரு கோட் போதும். ஈரம் ஊறிய திட்டு இருந்தால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கதாநாயகன் கன்னத்தில் வரைபடம் தெரியும்.

ஒன்றே ஒன்று. பகல் ஆட்டம் பார்க்க இந்தப் பட்ஜெட்டில் எதுவும் உதவாது. பழைய டிவியை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்களுக்கு நாலு அறை ஹோம்ஸ்டே இருக்கிறது. தோட்டத்தில் புரொஜெக்டர் வைத்து விருந்தினருக்குப் படம் போடலாமா மேடம்?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: மஞ்சு இறங்கினால் ஒளிக்கற்றைதான் அழகாகத் தெரியும், படம் தெரியாது. லென்ஸில் பனி கோத்துக்கொள்ளும். ஹாலுக்குள் வையுங்கள். குளிர்ந்த ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்தவுடன் சுவிட்சைப் போடாமல் ஒரு மணி நேரம் ஹாலில் வைத்திருந்து போடுங்கள். உங்கள் சொந்த ஓடிடி சந்தா வீட்டுக்கு மட்டும் கொடுப்பது, வாடகை வாங்கித் தங்கவைத்தவர்களுக்குக் காட்ட அல்ல. ஸ்டிக்கில் அவரவர் கணக்கைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கிளம்பும்போது லாக் அவுட் செய்தார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: போன வருஷம் வாங்கியது. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்கிறது. உயரத்தால் வந்த கோளாறா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: இல்லை. கூடலூர் 1,500 மீட்டருக்கு வெகு கீழே, அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. உங்கள் எதிரி ஆனி, ஆடி மழை. படர்வது பூஞ்சை. உள்பக்கம் என்றால் நீங்கள் திறக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள். திரும்பி வந்ததும் இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் மணிகளின் நிறம் மாறினால் சூட்டில் உலர்த்தி எடுத்து மறுபடி போடலாம். மழை மாதங்களில் படம் பார்க்காவிட்டாலும் வாரத்துக்கு அரை மணி ஓட்டுங்கள். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

கேள்வி: ஆபீஸில் கழித்த பழைய எப்சன் 9,000 ரூபாய்க்கு வருகிறது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. வாங்கட்டுமா?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: முதல் புரொஜெக்டருக்கு இது மோசமில்லை. மூன்று எல்சிடி முறை, சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பேனல், அதனால் வண்ணம் நன்றாக இருக்கும். ஹை ஆல்டிட்யூட் இருக்கும், உங்கள் 2,240 மீட்டருக்கு அது கட்டாயம். ஆனால் ஆபீஸ் மாடல்கள் பல 1024 பெருக்கல் 768. பாடம் நடத்த வந்தவை, சினிமா போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ஃபேன் இரைச்சலையும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மின்தடை அதிகமான வீடு என்றால் யோசிக்கவேண்டும். விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஃபேனும் சேர்ந்து நிற்பது அதற்கு ஆகாது. காசு கொடுக்கும் முன் மெனுவில் 'லேம்ப் ஹவர்ஸ்', அதாவது விளக்கு எரிந்த மணி நேரம், பாருங்கள். 3,000 மணி தாண்டியிருந்தால் புது லேம்ப் விலையை விசாரித்து, அதை 9,000த்தில் கழித்துக் கேளுங்கள்.