ஒயில் டின்னுக்குள்ள பொலிமர் ஏன்? பேட்டன்ட் பத்தி கேட்ட கேள்வியளும் பதிலும்

ஒயில் கலக்கிற ப்ளான்ட்ல 11 வருஷம் வேல செஞ்சனான், இப்ப களுவாஞ்சிகுடியில இருக்கன். லூப்ரிசோல் கம்பனியிட பேட்டன்ட் (புதுசா கண்டுபிடிச்சத மத்தவன் செய்யாம தடுக்கிற உரிமை) பத்தி என்ன எண்டாலும் கேளுங்க எண்டன், கேட்டது இதுகள்.

கல்லடி தம்பி: அண்ணன், லூப்ரிசோல் எண்டு ஒரு டின்னும் கடையில காணல்லயே?

காணமாட்டீங்க தம்பி. 1928ல அமெரிக்காவில, கிளீவ்லண்ட்ல தொடங்கின கம்பனி. ஒயில் கம்பனியளுக்கு அடிட்டிவ் (ஒயில்ல கலக்கிற சேர்மானம்) குடுக்கிறதுதான் பெரிய வியாபாரம், அதால டின்ல மத்தவன்ட பேர்தான் இருக்கும். சுடுதண்ணிக்கு போடுற சிபிவிசி பைப்புக்கு பொலிமரும் செய்றாங்க. 2011ல வாரன் பஃபெட்ட பெர்க்ஷயர் ஹாத்தவே கம்பனி வாங்கிட்டு.

வாழைச்சேனை: 20டபிள்யூ50 ஒயிலுக்குள்ள பிளாஸ்டிக் கலக்கிற எண்டு கராஜ் பாஸ் சொல்றார், உண்மையா?

பாஸ் சொன்னதுல விஷயம் இருக்கு, ஆனா பிளாஸ்டிக் துண்டு இல்ல, ஒயில்ல கரைஞ்ச பொலிமர். நீளச் சங்கிலி மாதிரி மூலக்கூறு, ஒயில் ஆறிக் கிடக்கக்குள்ள சுருண்டு கிடக்கும், என்ஜின் சூடேற விரியும், அப்ப ஒயில் தண்ணியாப் போகாம கொஞ்சமாவது தடிப்பா நிக்கும். கஷ்டம் என்னெண்டா பைக்ல கியருக்கும் என்ஜினுக்கும் ஒரே ஒயில்தானே, கியர் பல்லு அந்தச் சங்கிலிய வெட்டி வெட்டி துண்டாக்கிரும், ஒயில் இளகிரும். அதுக்குத்தான் நட்சத்திரம் மாதிரி நடுவுல இருந்து கை கையா நீளுற பொலிமருக்கு லூப்ரிசோல்காரங்க பேட்டன்ட் எடுத்து வச்சிருக்காங்க, ஒரு கை அறுந்தாலும் மிச்சம் நிக்கும். எனக்கு இதுதான் இந்தத் தொழில்ல ஆக அழகான யோசன.

அக்கரைப்பற்று: காக்கா, அவங்கட பேட்டன்ட்டப் பாத்து இங்க நாங்க கிரீஸ் செஞ்சு வித்தா கேஸ் போடுவாங்களா?

பேட்டன்ட் நாட்டுக்கு நாடு வேற தம்பி. அமெரிக்காவில மட்டும் பதிஞ்சத்துக்கு இங்க செல்லுபடி இல்ல, ஆனா அங்க ஏத்துமதி செஞ்சா மாட்டுவீங்க. இங்க இலங்கையில பதிஞ்சிருந்தா 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி விண்ணப்பம் போட்ட நாள்ல இருந்து 20 வருஷம், அதுக்குப் பிறகு ஆரும் செய்யலாம். அவங்கட பேரையும் லோகோவையும் மட்டும் தொட்டுராதீங்க, அது வேற உரிமை. பழைய பேட்டன்ட் எல்லாம் இன்டர்நெட்ல சும்மா கிடக்கு, எத்தின டிகிரில எத்தின மணித்தியாலம் எண்டு உதாரணத்தோட எழுதியிருக்கு, தொழில் தொடங்கப்போற பொடியன்மார் கட்டாயம் வாசிக்கணும்.

பொத்துவில்: பேட்டன்ட் எண்டு போட்ட ஒயில் நல்லதா?

அப்பிடி இல்ல. பேட்டன்ட் புதுசா எண்டுதான் பாக்கும், உங்கட பைக்குக்கு சரியா எண்டு பாக்காது. கிளச் ஒயில்ல நனையிற பைக் எண்டா டின்ல ஜாசோ எம்ஏ (அந்த மாதிரி கிளச்சுக்கு ஏத்த ஒயில் எண்டு காட்டுற ஜப்பான் தரக் குறி) இருக்கா எண்டு பாருங்க, இல்லாட்டி கிளச் வழுக்கலாம்.