டயர் காற்றழுத்தத்தை எப்படித் தீர்மானிப்பது, எச்சரிக்கை விளக்கு காலையில் மட்டும் எரிவது ஏன்?

ஸ்போர்ட்ஸ் காரின் டயர்களில் எவ்வளவு காற்று வைப்பது, குளிர்ந்த காலையில் எரிந்து சற்று நேரத்தில் அணைந்துவிடும் எச்சரிக்கை விளக்கை எப்படிக் கையாள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ தயாரிப்பாளர் தந்திருக்கும் அளவிலிருந்தே தொடங்குங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அளவு உங்கள் காருக்கான பரிந்துரை அல்ல. எஞ்சின் பின்னால் அமைந்த கார்களில் பின்டயர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் அழுத்தம் குறிக்கப்படுவது எடைப் பகிர்வு கருதியே என்பதால், நான்கிலும் ஒரே அளவை வைத்துவிடாதீர்கள். வளைவுகளில் காரின் போக்கே மாறிவிடும்.

அந்த அளவு, கார் சுமார் 3 மணி நேரம் நின்று டயர்கள் குளிர்ந்த நிலைக்கு உரியது. வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இறங்கும் என்பதால், 30 டிகிரி வெயிலில் சரியாக நிரப்பிய டயர் 12 டிகிரிக் காலையில் 3 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். ஓட ஓட டயர் சூடேறி விளக்கு அணைவதால் குறை தீர்ந்துவிடாது. குளிர்ந்த நிலையிலேயே அளந்து நிரப்புங்கள். சூடான டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று சாலையில் காற்றை இறக்குவதுதான் நான் கண்டவற்றுள் மிக ஆபத்தான பழக்கம், ஏனெனில் குளிர்ந்ததும் அது தேவைக்கும் கீழே போய்விடும். பந்தயத் தடத்துக்காகக் குறைத்திருந்தால், சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்பிவிடுங்கள்.

விளக்கு ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால், பெரும்பாலும் கோளாறு டயரில் அல்ல, அழுத்தத்தை அளக்கும் உணரியிலோ (சென்சார்) அதன் பேட்டரியிலோ இருக்கும். உங்கள் காரில் இருப்பது சக்கரச் சுழற்சியை வைத்து அழுத்தத்தைக் கணிக்கும் அமைப்பாக இருந்தால், காற்று நிரப்பியபின் அதனை மீட்டமைக்க (ரீசெட் செய்ய) மறக்காதீர்கள்.