சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம்: கடன் யாருடையது, ஆழம் எதற்கு?

போக்குவரத்துத் திட்டமிடலிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போரூர் வாசகர்: ஐயா, செலவில் 65 விழுக்காட்டை ஒன்றிய அரசு தருகிறது என்கிறார்கள். சுமை எங்களுடையது என்று மாநில அரசு சொல்கிறது. எது உண்மை?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. சிக்கல் ‘தருகிறது’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டபோதும் அதன் பிறகும் இது மாநிலத் திட்டமாகவே நடந்தது. வெளிநாட்டுக் கடனை ஏற்பாடு செய்வது உட்படச் செலவில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாநிலத்தின் பொறுப்பில் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிறகே நிலைமை மாறியது. இப்போது ஒன்றிய அரசின் கணக்கில் வருபவை 33,593 கோடி ரூபாய்க் கடனும், பங்கு மூலதனமும் துணைக்கடனுமாக (மற்றக் கடன்களை அடைத்த பிறகே திருப்பிக் கட்டும் கடன்) 7,425 கோடி ரூபாயும் ஆகும். இரண்டையும் கூட்டினால் 41,018 கோடி; மொத்த மதிப்பீட்டில் 65 விழுக்காடு என்பது இதுதான்.

ஆனால் அந்த 33,593 கோடி கொடையன்று. ஜப்பானின் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றிடம் பெறும் கடனை ஒன்றிய அரசு தன் பெயரில் வாங்கி, தன் வரவுசெலவுத் திட்டத்தின் வழியாகச் சென்னை மெட்ரோ நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. திருப்பிக் கட்ட வேண்டியது அந்நிறுவனம். அதனால் இயலாமற்போனால் கைகொடுக்க வேண்டியது மாநில அரசு. அப்படியானால் மாநிலத்துக்கு லாபம் என்ன என்று கேட்பீர்கள். மாநிலம் கடன் வாங்குவதற்கென ஓர் உச்சவரம்பு உண்டு. மெட்ரோவுக்கான கடன் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறியதால், அதே அளவுக்குப் பிற பணிகளுக்குக் கடன் வாங்க இடம் கிடைத்திருக்கிறது. இது சிறிய நன்மையன்று. ஆயினும் யார் எவ்வளவு ஏற்பது என்பதை அடிக்கல்லுக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்தக் கேள்வி திறந்தே கிடந்தது, ஒருபுறம் சாலை தோண்டப்பட்டுக்கொண்டிருக்கும்போதே.

அம்பத்தூர் வாசகி: கட்டணத்தைச் சற்று உயர்த்தினால் கடன் அடையாதா?

அடையாது, அம்மா. 2024ஆம் ஆண்டில் சென்னை மெட்ரோவில் ஏறத்தாழ 10.5 கோடிப் பயணங்கள் நடந்தன. பயணம் செய்த ஒவ்வொருவரும் உச்சக் கட்டணமான 50 ரூபாயைச் செலுத்தியிருந்தாலும் வரவு 525 கோடிதான். அதிலிருந்துதான் மின்சாரம், சம்பளம், பராமரிப்பு எல்லாம் போக வேண்டும். கட்டணம் அன்றாட ஓட்டத்தைத் தாங்கினாலே நல்ல மெட்ரோ என்று சொல்லலாம். கட்டுமானச் செலவை நகரம் வேறு வழியில்தான் ஈட்ட வேண்டும்: நிலையங்களைச் சுற்றி உயரும் நில மதிப்பில் ஒரு பங்கு, நிலையத்துக்கு மேலே கட்டும் வணிக வளாகங்களின் வாடகை, விளம்பரம். 1979இல் ஓடத் தொடங்கிய ஹாங்காங் மெட்ரோ இந்த வழியில்தான் வளர்ந்தது. நாம் இதில் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

பெயர் குறிப்பிடாத உறுப்பினர்: தனியாரிடம் விட்டுவிட்டால் அரசுக்குத் தலைவலி இல்லையே?

தலைவலி தள்ளிப்போகும், அவ்வளவே. டெல்லியின் விமான நிலைய வழித்தடம் 2011இல் தனியாரால் தொடங்கப்பட்டது; 2013இல் அந்நிறுவனம் விலகிக்கொள்ள, அரசு நிறுவனமே ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. 2017 நவம்பரில் ஓடத் தொடங்கி, தனியார் நடத்திய ஹைதராபாத் மெட்ரோவின் முதல் கட்டமான 69 கிலோமீட்டரையும், கடன் சுமையோடு சேர்த்து ஏற்றுக்கொள்ள 2025 செப்டம்பரில் தெலங்கானா அரசு இசைந்தது.

மயிலாப்பூர் வாசகர்: எங்கள் பகுதியில் எதற்கு இவ்வளவு ஆழத்தில் தோண்டுகிறார்கள்? மேம்பாலமாகப் போட்டிருந்தால் செலவு குறைந்திருக்குமே?

செலவு குறைந்திருக்கும், சுரங்கப் பாதைக்கு உயர்மட்டப் பாதையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்பது உண்மை. ஆனால் தூண் நிறுத்தச் சாலை அகலம் வேண்டும். லஸ் முனையையும் கச்சேரி சாலையையும் தினமும் பார்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதோடு திருமயிலையில் மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடங்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. ஒரு தடத்துக்குக் கீழே இன்னொரு தடம் என்று அடுக்கும்போது நிலையம் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது.

ஆழத்தில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. மண் ஆய்வுக்காகத் துளையிட்டு எடுக்கும் மாதிரிகளை நீண்ட பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் ஆழத்தை எழுதி வைப்பார்கள். ஒரே துளையிலிருந்து வந்த பெட்டியில், மேலே விரலிடுக்கில் உதிரும் மணலையும், நடுவே கையில் ஒட்டும் களிமண்ணையும், அடியில் சுத்தியலுக்கு மணியோசை எழுப்பும் பாறையையும் பார்த்திருக்கிறேன். சுரங்கம் தோண்டும் இயந்திரத்தில் பாறைக்கெனப் பொருத்திய வெட்டுப் பற்கள் களிமண்ணில் அடைத்துக்கொள்ளும். களிமண்ணுக்கெனப் பொருத்தியவை பாறையில் தேயும். முதல் கட்டப் பணியின்போது, 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியதை நாம் மறக்க முடியாது. ஆகவே மண் ஆய்வுக்குத் துளையிடும் செலவில் சிக்கனம் காட்டுகிற திட்ட அறிக்கையை நான் ஒருபோதும் நம்புவதில்லை.

மேலே போக முடிகிற இடத்தில் மேலேதான் போகிறார்கள். ஆழ்வார்திருநகர்–ஆலப்பாக்கம் பகுதியில் இரண்டு வழித்தடங்களை ஒரே தூண் வரிசையில் இரண்டு அடுக்காகத் தாங்க வைத்திருப்பது, நிலம் எடுப்பதைக் குறைத்த நல்ல முடிவு.

கோயம்புத்தூர் வாசகர்: எங்கள் நகரத்தின் மெட்ரோ திட்ட அறிக்கை ஏன் திருப்பி அனுப்பப்பட்டது?

2025 நவம்பரில் கோவை, மதுரை இரண்டின் அறிக்கைகளும் ஒன்றிய அரசிடமிருந்து திரும்பி வந்தன. சொல்லப்பட்ட முதன்மைக் காரணம், 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையின்படி நகரத்தில் 20 லட்சம் மக்கள் இருக்க வேண்டும் என்பது. 2011 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால் ஆக்ரா, போபால் மாநகராட்சிகளும் அந்த எண்ணிக்கையை எட்டாதவையே. அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எனவே இந்தக் காரணத்தை மட்டும் வைத்து மறுத்ததை நான் நியாயமென ஏற்க மாட்டேன்.

ஆனால் அதே கொள்கை கேட்கும் வேறொரு கேள்வி நியாயமானது: பயண நேரம், எரிபொருள், விபத்து, புகை ஆகியவற்றில் மிச்சமாவதைப் பணமாக மதிப்பிட்டால் சமூகத்துக்கு ஆண்டுக்கு 14 விழுக்காடு பொருளாதார வருவாயாவது கிடைக்குமா, மெட்ரோவைவிடக் குறைந்த செலவில் பேருந்துத் தடம் அதே வேலையைச் செய்யாதா என்பது. கோவை தன் மறுபதிலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டுவிட்டது. அதே சாலையில் மெட்ரோ வேண்டுமென்றால், மேம்பாலம் திறந்த பிறகு காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை அங்கே பேருந்தில் எத்தனை பேர், இருசக்கர வாகனத்தில் எத்தனை பேர், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று சாலையோரத்தில் நின்று புதிதாக எண்ணி, அந்தத் தாளைத்தான் முதலில் மேசைமேல் வைக்க வேண்டும்.