பழைய பிக்கப்புக்கு நான்காவது டாப்-அப் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயதாகிறது. 2012 மாடல் பொலிரோ பிக்கப் ஒன்றை 2018-இல் பழைய வண்டியாக வாங்கி, ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றி ஓட்டுகிறேன். மாதத்துக்கு 15 நடை. டீசல், சுங்கம், சுமைகூலி எல்லாம் போக 44,000 ரூபாய் நிற்கிறது. ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, பிரேக் லைனிங், கிளட்ச் வரை பெரும்பாலான வேலைகளை நானே செய்துகொள்வதால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கூலி மிச்சமாகிறது. வண்டி வாங்க 3 லட்சம், 2021-இல் ஆர்.சி. மீது 2.5 லட்சம், 2024-இல் மறுபடி 3 லட்சம் என மூன்று கடன் வாங்கினேன். மூன்றுமே 12 சதவீத வட்டி, 36 தவணை. கடைசிக் கடனில் இன்னும் 9 தவணை இருக்கிறது. இப்போது அதை அடைத்து 3.5 லட்சம் டாப்-அப் தருவதாகச் சொல்கிறார்கள். பிடித்தம் போக 2.4 லட்சம் கைக்கு வரும். எஞ்சின் வேலைக்கு 75,000, பாடிக்கு 60,000, அலாய் வீலுக்கு 45,000, விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டிக்கு 20,000, பின்புறம் கூடுதல் கமான் பட்டைக்கு 10,000 என்று திட்டமிட்டிருக்கிறேன். மீதி 30,000 ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா? அல்லது வண்டியை விற்றுவிட்டுப் புதியது எடுப்பது நல்லதா? கடன் தரும் நிறுவனத்தில் என் மனைவியின் தம்பியே ஏஜெண்டாக இருக்கிறார். இந்த மாதமே கையெழுத்துப் போடச் சொல்கிறார். இரவில் தூக்கம் வருவதில்லை.
— ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் மியூச்சுவல் ஃபண்டைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள், வண்டியை விற்பதைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது எதுவோ அதைப் பற்றிக் கேள்வியே கேட்காமல், கடைசியில் போகிற போக்கில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதுவரை வாங்கிய மூன்று கடன்களின் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் 12 சதவீதம், அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் கணக்கிடும் ஃபிளாட் வட்டி என்பது நீங்கள் கட்டும் 11,333 ரூபாய் தவணையிலிருந்தே தெரிகிறது. 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 1,08,000; 2.5 லட்சத்துக்கு 90,000. மறுபடி 3 லட்சத்துக்கு 1,08,000. மொத்தம் 3,06,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் ஆவணச் செலவு, இன்சூரன்ஸ் என்று பத்தாயிரத்துக்குக் குறையாமல் பிடித்திருப்பார்கள். அதையும் சேர்த்தால் 3.4 லட்சத்தை நெருங்குகிறது. இந்த வயதில், நல்ல நிலையில் இருக்கும் உங்கள் வண்டியை இன்று விற்றால் மூன்று லட்சம் கிடைப்பதே பெரிய காரியம். வண்டி இன்று என்ன விலை போகுமோ, அதற்கும் மேலாக வட்டியாகவே கட்டி முடிக்கப் போகிறீர்கள்.

வேறு விதமாகவும் பாருங்கள். ஒன்பது ஆண்டுக்கு 3,06,000 என்றால் ஆண்டுக்கு 34,000 ரூபாய் வட்டி. ஞாயிற்றுக்கிழமையில் வண்டிக்கு அடியில் படுத்து, கை முழுக்கக் கிரீஸாக்கிக்கொண்டு நீங்கள் மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு 25,000. உங்கள் ஸ்பேனர் சம்பாதித்துத் தருவது முழுவதும் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போய், அதற்கு மேலும் 9,000 ரூபாய் நீங்கள் கையிலிருந்து கொடுக்கிறீர்கள்.

ஃபிளாட் 12 சதவீதம் என்பது 12 சதவீதம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் எண்ணாகப் பார்த்தால்தான் உறைக்கும். முதல் மாதம் 3 லட்சத்துக்கு வட்டி கட்டுகிறீர்கள், சரி. அசலில் முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்ட இன்றைக்கும் அதே 3 லட்சத்துக்குத்தான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குறையும் அசலின் மீது கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. 2024 அக்டோபர் முதல் தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி வீதம் எவ்வளவு என்பதை எழுதி, முக்கிய விவர அறிக்கை என்ற தாளை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புதிய கடனுக்கு அந்தத் தாளைத் தரும்படி மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள். தருவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்பதும் ஒரு பதில்தான்.

இப்போது வரவிருக்கும் நான்காவது கடன்: 3.5 லட்சம், ஃபிளாட் 12 சதவீதம், 36 மாதம் என்றால் வட்டி 1,26,000, தவணை 13,222 ரூபாய். இன்று 11,333 கட்டுகிறீர்கள். அது ஒன்பது மாதத்தில் முடியப் போகிறது. அந்த முடிவை எட்டிப் பார்க்கும் நேரத்தில், தவணையையும் கூட்டிக்கொண்டு மூன்று ஆண்டுகளைப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார்கள். முன்பாவது ஒரு கடன் முடிந்த பிறகு அடுத்ததை வாங்கினீர்கள். இம்முறை முடிவதற்கு முன்பே வாங்கப் பார்க்கிறீர்கள். என் கண்ணுக்குப் பட்ட அபாயம் இதுதான். பழைய வண்டி அல்ல, டாப்-அப் பழக்கம்.

கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த குறிப்பில், 2021-இல் வாங்கிய 2.5 லட்சத்தில் வண்டிக்குச் செலவானது 70,000 என்றும், 80,000 மைத்துனருக்குக் கைமாற்றாகப் போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2024-இல் டயருக்கும் கிளட்சுக்கும் 1,10,000, மீதி வீட்டு விசேஷம். ஆக ஐந்தரை லட்சம் கடனில் வண்டி தின்றது 1.8 லட்சம்தான். வண்டியின் பெயரைச் சொல்லி வாங்கியதால் எல்லாமே தொழிற்கடன் போலத் தோன்றியிருக்கிறது.

மைத்துனரைக் குறை சொல்லி உங்கள் வீட்டில் சண்டை மூட்டுவது என் நோக்கமல்ல. அவருக்கு மாதக் கடைசியில் இலக்கு உண்டு, கையெழுத்துக்குக் கமிஷன் உண்டு. அது அவர் பிழைப்பு. ஆனால் உங்களுக்கு அவர் ஆலோசகர் அல்லர், விற்பனையாளர். "இந்தக் கடன் முடியட்டும், அதன் பிறகு யோசிக்கலாம் மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லுங்கள். அதையும் உங்கள் மனைவி முன்னிலையில் சொல்லுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள், அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். அந்த 80,000 ரூபாயையும் மாதம் 3,000 வீதமாவது திருப்பித் தரும்படி கேளுங்கள். அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பது, இந்த டாப்-அப் யாருக்காக என்பதை உங்களுக்கே தெளிவாக்கிவிடும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். லாரிப் பட்டறைக் கணக்கு நோட்டை எழுதி வளர்ந்தவன் என்ற அளவில்தான் எனக்கு வண்டி தெரியும். எனவே எஞ்சினைப் பற்றி நான் சொல்வதை உங்கள் மெக்கானிக்கிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்றத்தில் கரும்புகை வருகிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது, ஆகவே எஞ்சினை இறக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். கரும்புகைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏர் ஃபில்டரையும் டீசல் தெளிக்கும் நாசிலையும். ஆயில் எரிந்தால் புகை நீல நிறமாக வரும். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை விட்டுவிட்டு வேகமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இலேசாக ஆவி மட்டும் வந்தால் 75,000 ரூபாய் வேலைக்கு இன்னும் அவசரமில்லை. எஞ்சினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதைச் செய்யாமல் எஞ்சினை இறக்குவது, ரத்தப் பரிசோதனைக்கு முன்பே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதைப் போன்றது.

கமான் பட்டை விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டையைக் கூட்டினால் வண்டி அமுங்காது, ஆனால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடை ஒரு கிலோகூடக் கூடாது. நீங்கள் பட்டை சேர்ப்பதே கூடுதலாகத் தக்காளிப் பெட்டி ஏற்றத்தான். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மாநில எல்லையை மாதம் 15 முறை தாண்டுகிறவர் நீங்கள். ஒரு முறை எடை மேடையில் ஏற்றினால் போதும், பல நடைகளில் சேர்த்த கூடுதல் வாடகை அங்கேயே போய்விடும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ சிறையோ விதிக்கலாம் என்பது தனி. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஆண்டும் ஹாரனையும் கூடுதல் விளக்குகளையும் கழற்றி மாட்டும் வேலை வேறு சேரும்.

அலாய் வீலும் வேண்டாம். பாரம் ஏற்றும் வண்டியில் இரும்பு ரிம் நெளிந்தால் பட்டறையில் தட்டி நேராக்கிவிடலாம். அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். பாட்டுப் பெட்டியைக் குறை சொல்லமாட்டேன், இரவெல்லாம் தனியாக ஓட்டுகிறவருக்கு அது துணை; ஆனால் அதைக் கடனில் வாங்காமல் ஒரு நல்ல மாதத்து மிச்சத்தில் வாங்குங்கள். வெளிச்சம் போதவில்லை என்பதுதான் குறை என்றால், பழைய வண்டியில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் நைந்த வயரிலும் சுவிட்சிலும் பாதி வழியிலேயே குறைந்துவிடுவது வழக்கம். பேட்டரியிலிருந்து ரிலே வைத்துப் புது வயர் இழுத்தால், அதே பல்பே பளிச்சென்று எரியும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் நீங்களே ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். உங்கள் கைத்திறமைக்கு ஏற்ற மேம்பாடு இப்படிப்பட்டதுதான்.

பாடியைப் பொறுத்தவரை, தரைத் தகடு துருப்பிடித்துப் பெட்டிகள் அடிவாங்குகின்றன என்றால் தரையை மட்டும் மாற்றுங்கள். முழுப் பாடி இப்போது தேவையில்லை.

மியூச்சுவல் ஃபண்டுக்கு 30,000 ரூபாய் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்று எரிச்சல் வந்தது. இப்போது யாரைப் பார்த்தாலும் மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. என்கிறார்கள், அது கெட்ட பொருளல்ல. ஆனால் 21 சதவீதத்துக்கு வாங்கிய பணத்தை, சந்தை நன்றாக இருந்தால் 12 சதவீதம் கிடைக்கலாம் என்ற இடத்தில் போடுவதற்குப் பெயர் முதலீடு அல்ல. கடன் முடியட்டும், அவசரப் பணம் சேரட்டும்; ஃபண்ட் எங்கும் ஓடிவிடாது.

புதிய வண்டியும் இப்போதைக்கு வேண்டாம். முன்பணமே இல்லாமல் மின்சாரச் சரக்கு வண்டி என்று வரும் விளம்பரங்களையும் சேர்த்தே சொல்கிறேன். முன்பணம் இல்லையென்றால் அதுவும் கடனில் சேர்ந்து வட்டி தின்னும், தவிர ஒரு நடைக்குப் போக வர 280 கிலோமீட்டர் ஓட வேண்டிய உங்கள் தொழிலுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. புதிய டீசல் பிக்கப்புக்கு 8 லட்சம் கடன் என்றால், குறையும் அசல் முறையில் 11 சதவீத வட்டிக்கே ஐந்து ஆண்டுக்கு மாதம் சுமார் 17,400 ரூபாய் தவணை. 44,000 வருமானத்தில் அது உங்கள் கழுத்தைப் பிடிக்கும். 15 ஆண்டு முடிந்தாலே வண்டி இரும்புக்கடைக்குத்தான் என்று சிலர் பயமுறுத்துவார்கள், எஃப்.சி. தேறும் தனியார் வண்டி தமிழ்நாட்டில் அதன் பிறகும் ஓடலாம். ஆனால் 2027-க்குப் பிறகு எஃப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறும், விற்பனை விலை இறங்கும் என்பதால், அந்த நேரத்தில் கையில் சொந்தப் பணத்தோடு நிற்பது நல்லது.

அந்தப் பணத்துக்கு வழி இருக்கிறது. நீங்கள் மாதம் சுமார் 4,200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று, ஒவ்வொரு நடையும் முடிந்து வந்ததும் 280 ரூபாயை வீட்டுச் செலவுக் கணக்கில் சேராத தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். தவணையும் வீட்டுச் செலவும் போக மாதம் ஐந்தாயிரத்துச் சொச்சம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இது முடியக்கூடியதே. ஒன்பது மாதத்தில் 37,800 சேரும். அதற்குள் கடன் முடிந்துவிடும். ஆனால் தவணை முடிந்ததாக நினைக்காமல், அதே 11,333 ரூபாயையும் அதே தேதியில் அந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். அடுத்த நான்கு மாதத்தில் இன்னும் 62,000 சேரும். பதின்மூன்றாவது மாதம் கையில் ஏறக்குறைய ஒரு லட்சம். எஞ்சின் வேலைக்கு 75,000, தரைத் தகட்டுக்கு மீதி. வட்டி ஒரு ரூபாயும் இல்லை.

கம்ப்ரஷன் சோதனையில் எஞ்சின் அதுவரை தாங்காது என்று தெரிந்தால், வீட்டு நகையில் 75,000 ரூபாய்க்கு மட்டும் வங்கியில் அடகு வைக்கலாம். 10 சதவீதம் வட்டி என்று வைத்தாலும் ஓராண்டுக்கு 7,500 ரூபாய்தான். டாப்-அப் கேட்கும் 1,26,000-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் வேலையில் இறங்காதீர்கள். மேலே சொன்ன தனிக் கணக்கிலிருந்து மாதாமாதம் அசலையும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கடைசித் தவணை கட்டிய வாரத்திலேயே கடன் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்றையும் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் இருக்கும் ஹெச்.பி. என்ற கடன் பதிவை நீக்கிவிடுங்கள். நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் காசோலைகளைத் திரும்பக் கேளுங்கள், வங்கியில் தானியங்கிப் பிடித்தத்துக்கு எழுதிக் கொடுத்ததையும் ரத்து செய்யுங்கள். ஹெச்.பி. இல்லாத ஆர்.சி. வந்ததும் அதை வண்டியின் டாஷ்போர்டில் போட்டு வைக்காமல் உங்கள் மனைவியிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். சோதனைச் சாவடியில் காட்ட டிஜிலாக்கரில் இருக்கும் பிரதி போதும்.