சிரிப்பில் சம உரிமை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் இன உறவுகளை நகைச்சுவையோடு அணுகும் சில காமிக்ஸ்களையும் நாவல்களையும் அறிமுகப்படுத்தியிருந்தேன். அவற்றில் ‘நியூ கிட்’, ‘ஜேம்ஸ்’ ஆகிய நூல்களைப் பற்றியும், சார்ல்ஸ் ஷுல்ஸ் வரைந்த ‘பீனட்ஸ்’ என்ற நாளிதழ்ச் சித்திரத் தொடரின் கறுப்பினச் சிறுவன் ஃபிராங்க்ளினைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியைப் பற்றியும் கடிதங்கள் வந்துள்ளன. சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

‘நியூ கிட்’ நூலை ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பள்ளியில் நடக்கும் நிறப் பாகுபாடு அவளுக்குப் புரியுமா?
– கோயம்புத்தூர் வாசகர்

தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஜெர்ரி கிராஃப்ட் எழுதி வரைந்து 2019இல் வெளிவந்த இந்தக் கிராஃபிக் நாவலின் நாயகன் ஜோர்டன் பேங்க்ஸும் ஏழாம் வகுப்பு மாணவன்தான். ஓவியப் பள்ளியில் சேர ஆசைப்படும் அவனை, வசதியுள்ள வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் படிக்கும் தனியார் பள்ளி ஒன்றில் பெற்றோர் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே அவனை யாரும் அடிப்பதில்லை, வெளிப்படையாக ஏசுவதும் இல்லை. ட்ரூ என்ற அவனுடைய நண்பனின் பெயர் மட்டும் ஆசிரியையின் வாயில் நிற்பதே இல்லை. வேறொரு கறுப்பின மாணவனின் பெயரைச் சொல்லியே அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். பையன்கள் இதற்குப் புகார் எழுதிக் கொடுப்பதில்லை. தாங்களும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்த தவறான பெயர்களால் அழைத்துக்கொள்ளத் தொடங்கி, அவமானத்தைத் தங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விளையாட்டாக மாற்றிவிடுகிறார்கள். இது புரிவதற்கு அமெரிக்க வரலாறு தேவையில்லை.

பள்ளிப் புத்தகக் கண்காட்சியைக் கேலி செய்யும் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. வெள்ளைச் சிறுவர்களுக்கான நூல்களில் மந்திரமும் வீர சாகசமும் நிரம்பியிருக்க, கறுப்பினச் சிறுவர்களுக்கென்று எடுத்து நீட்டப்படும் நூல்களில் வறுமையும் வன்முறையும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. நல்லெண்ணத்தோடு புத்தகம் வாங்கும் பெற்றோரும் நூலகர்களும் நெளியக்கூடிய இடம் அது. இன்னொரு காட்சியில், ஜோர்டன் வரைந்து வைத்திருக்கும் கேலிச் சித்திர நோட்டு ஆசிரியையின் கையில் கிடைக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்து மனம் புண்படும் அவர், தாம் செய்தது என்ன என்று யோசிக்காமல், ஏன் இவ்வளவு கோபம் என்று அவனையே கேட்கிறார். சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவல் என்ற பெருமை 2020இல் இந்நூலுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, பெற்றோர் சிலரின் எதிர்ப்பால் டெக்சாஸ் மாநிலத்தின் கேட்டி பகுதிப் பள்ளி நூலகங்களிலிருந்து இது விலக்கப்பட்டு, மறுபரிசீலனைக்குப் பிறகு மீண்டும் வைக்கப்பட்டது. உங்கள் மகள் வருந்துவாளா என்பதைவிட, படித்துவிட்டுத் தன் வகுப்பை அவள் எப்படி வரைவாள் என்பதே என் ஆர்வம்.

ஃபிராங்க்ளினை ‘பீனட்ஸ் உலகின் மிக நல்ல, மிகச் சலிப்பான சிறுவன்’ என்று எழுதியிருந்தீர்கள். 1968இல் ஒரு கறுப்பினச் சிறுவனை நாளிதழ்ச் சித்திரத் தொடரில் கொண்டுவந்ததே பெரும் துணிச்சல் அல்லவா? சார்ல்ஸ் ஷுல்ஸைக் குறை சொல்வது நியாயமா?
– மதுரை வாசகர்

துணிச்சல்தான்; அதை நான் மறுக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். பதினொரு நாள் கழித்து, லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஆசிரியை ஹேரியட் கிளிக்மன், ‘பீனட்ஸ்’ குழந்தைகளிடையே ஒரு கறுப்பினக் குழந்தையைச் சேர்க்கக் கூடாதா என்று கேட்டு ஷுல்ஸுக்குக் கடிதம் எழுதினார். தமக்கும் அந்த விருப்பம் உண்டு என்றும், ஆனால் கறுப்பினத்தவரைத் தட்டிக்கொடுத்து ஆதரிக்கும் தோரணை அதில் வந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் ஷுல்ஸ் பதில் எழுதினார். கிளிக்மன் விடவில்லை. தம் கறுப்பின நண்பர்களிடமே கருத்துக் கேட்டு எழுதச் செய்தார். முதலில் கூட்டத்தில் ஒருவனாக வந்து போனாலே போதும் என்று அவர்களில் ஒருவர் யோசனை கூறினார். ஜூலை 31 அன்று, கடலில் விழுந்த பந்தை எடுத்துவந்து சார்லி பிரவுனிடம் கொடுக்கும் சிறுவனாக ஃபிராங்க்ளின் அறிமுகமானான். அவனுடைய தந்தை வியட்நாமில் போர்முனையில் இருந்தார். கறுப்பினக் குழந்தையும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் இருப்பதாகக் காட்ட வேண்டாம் என்று தென்மாநிலப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டதை ஷுல்ஸ் பொருட்படுத்தவில்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ‘பீனட்ஸ்’ உலகம் குறைகளால் ஆனது. சார்லி பிரவுன் தோற்றுக்கொண்டே இருப்பான், லூசிக்கு வாய்த்துடுக்கு, லைனஸுக்குப் போர்வையை விட்டால் உயிர் போய்விடும், பிக்பென்னின் மேல் எப்போதும் புழுதி. அந்தக் குழந்தைகளை நாம் நேசிப்பது இந்தக் கோணல்களுக்காகத்தான். ஃபிராங்க்ளினுக்கு மட்டும் கோணல் எதுவும் கொடுக்கப்படவில்லை. புண்படுத்திவிடக் கூடாது என்ற கவனம் அவனை அவ்வளவு அப்பழுக்கற்றவனாக ஆக்கிவிட்டது. அப்பழுக்கற்ற ஒருவனை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எத்தனை ஆண்டு ஓட முடியும்? தொடக்கத்தில் அதற்கு ஓர் அழகான வழியை ஷுல்ஸ் கண்டுபிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சார்லி பிரவுனைப் பார்க்க அவனுடைய தெருவுக்கு வரும் ஃபிராங்க்ளின், ஐந்து காசுக்கு மனநல ஆலோசனை விற்கும் லூசியையும் ‘பெரும் பூசணிக்காய்’ பரிசு கொண்டுவரும் என்று நம்பும் லைனஸையும் கண்டு, இந்த வட்டாரமே சரியில்லை என்று அரண்டு திரும்பிவிடுகிறான். வெள்ளையர் குடியிருப்புக்கு வரும் கறுப்பினச் சிறுவன் அங்குள்ளவர்களைப் பார்த்துத் திகைப்பது, அந்த ஆண்டில், எவ்வளவு நுட்பமான கேலி! ஆனால் அந்த ஓட்டம் நீடிக்கவில்லை.

1973இல் வந்த நன்றி கூறும் நாள் தொலைக்காட்சிப் படத்தில் மேசையின் ஒரு பக்கம் முழுவதிலும் ஃபிராங்க்ளின் தனியாக உட்கார்ந்திருந்தது பின்னாளில் பலரது கண்ணையும் உறுத்தியது. 2024இல் வெளிவந்த புதிய படத்தில், மற்றவர்கள் அவனைத் தங்கள் பக்கம் வந்து உட்காரச் சொல்லும் காட்சியை வேண்டுமென்றே வைத்தார்கள். அதை இணைந்து எழுதியவர்களில் ஒருவர் ராப் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கறுப்பினச் சித்திரக்காரர். ஷுல்ஸ் தம் கடைசிக் காலத்தில், அவருடைய சம்மதத்தைக் கேட்டு, அவருடைய குடும்பப் பெயரையே ஃபிராங்க்ளினுக்குச் சூட்டியிருந்தார்.

ஃபிராங்க்ளின் அறிமுகமான காலத்தில், ஷுல்ஸின் நண்பரும் கறுப்பினச் சித்திரக்காரருமான மோரி டர்னர், 1965 முதல் ‘வீ பால்ஸ்’ என்ற தொடரை வரைந்துகொண்டிருந்தார். பல இனக் குழந்தைகள் சேர்ந்து விளையாடும் அத்தொடரில் வரும் கறுப்பினச் சிறுவன் நிப்பர், உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போராடிய தென்மாநிலப் படையின் தொப்பியைக் கண்ணை மறைக்கும்படி அணிந்துகொண்டு திரிவான். அவனைக் கண்டால் சிரிக்கவும் தோன்றும், திகைக்கவும் தோன்றும். ஃபிராங்க்ளினுக்கு யாராவது அப்படி ஒரு தொப்பியைக் கொடுத்திருக்கலாம். தொடக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாளிதழ்களிலேயே வந்த ‘வீ பால்ஸ்’, கிங்கின் மரணத்துக்குப் பிறகுதான் நூற்றுக்கு மேற்பட்ட நாளிதழ்களுக்குப் பரவியது. அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையை எண்ணி டர்னர் மகிழ்ந்திருக்க முடியாது.

‘தி பூண்டாக்ஸ்’ படித்தேன். அதில் கோபம் இருக்கிறதே தவிரச் சிரிப்பு இல்லை. கோபத்தை எப்படி நகைச்சுவை என்று வகைப்படுத்துகிறீர்கள்?
– ஈரோடு வாசகர்

நகைச்சுவை பிறக்கும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் சொல்லும்போது எள்ளலைத்தான் முதலில் வைக்கிறார். எள்ளலுக்குப் பின்னால் கோபம் இருப்பதில் வியப்பில்லை. ஆரன் மெக்ரூடர் 1999 முதல் 2006 வரை நாளிதழ்களில் நடத்திய இச்சித்திரத் தொடரின் பலம், அக்கோபம் எல்லாப் பக்கமும் பாய்வதுதான். வெள்ளையர் வாழும் புறநகருக்குத் தாத்தாவோடு குடிபெயரும் இரண்டு சிறுவர்களில் மூத்தவனான ஹியூயி, பத்து வயதிலேயே புரட்சி பேசுகிறான். ஆனால் அவனுடைய முறைப்பும் விறைப்புமே கேலிக்கு உள்ளாகின்றன. இளையவன் ரைலிக்கு ராப் பாடகர்களைப் போல ரவுடியாக வேண்டும் என்று ஆசை. வாழ்வதோ புல்தரை வெட்டிப் பராமரிக்கப்படும் அமைதியான தெருவில். கறுப்பினத்தவருக்கென்று நடத்தப்பட்ட தொலைக்காட்சி அலைவரிசையையும் மெக்ரூடர் ஓயாமல் சாடினார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், பயங்கரவாதிகளுக்கு உதவியவரைத் தனக்குத் தெரியும் என்று ஹியூயி எஃப்.பி.ஐ.க்குத் தொலைபேசியில் அழைத்து, ஆப்கன் போராளிகளுக்கு ஆயுதம் தந்த முன்னாள் அதிபர் ரொனால்ட் ரேகனின் பெயரைச் சொல்கிறான். சில நாளிதழ்கள் அந்நாள்களில் தொடரை நிறுத்தி வைத்தன. உங்களுக்குச் சிரிப்பு வராததற்கு ஒரு காரணம், அன்றைய செய்திகள் இன்று நமக்கு மறந்துபோனது. குடும்பத்துக்குள் நடக்கும் பகுதிகளை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள்.

பெர்சிவல் எவரட்டின் ‘ஜேம்ஸ்’, கிராஃபிக் நாவலான ‘பிக் ஜிம் அண்ட் தி ஒயிட் பாய்’ ஆகிய இரண்டும் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ கதையைத்தான் திருப்பிச் சொல்கின்றன. எதை முதலில் படிப்பது? மூல நாவலைப் படித்திருக்க வேண்டுமா?
– தஞ்சாவூர் வாசகர்

மூல நாவலைப் படித்திருந்தால் சுவை கூடும். படிக்காவிட்டாலும் தொலைந்துபோக மாட்டீர்கள். மிசிசிப்பி ஆற்றில் ஹக் என்ற வெள்ளைச் சிறுவனும், தப்பியோடும் அடிமையான ஜிம்மும் தெப்பத்தில் செல்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். அங்கே ஹக் கதை சொல்வான், ஜிம் பல இடங்களில் சிறுவர்களின் விளையாட்டுக்குப் பலியாகும் வெகுளியாக இருப்பான்.

2024இல் வெளிவந்த ‘ஜேம்ஸ்’ நாவலில் கதை சொல்வது ஜிம். அவன் நூல்களைக் கற்றவன், கனவில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரோடு வாதிடுபவன், வெள்ளையர் முன்னிலையில் மட்டும் கொச்சையாகப் பேசுபவன். அடிமைக் குழந்தைகளுக்கு அவன் நடத்தும் மொழி வகுப்பை நாவலின் தொடக்கத்திலேயே காணலாம். வெள்ளைக்கார அம்மாளின் அடுப்படியில் தீப்பிடித்ததைக் கண்டால், தீ என்று நேராகச் சொல்லக் கூடாது, ஐயோ அங்கே பாருங்கள் என்று மட்டும் அலற வேண்டும். ஆபத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும் என்பது பாடம். குழந்தைகள் இலக்கணச் சுத்தமாகக் கேள்வி கேட்டு, இலக்கணப் பிழையோடு பேசப் பயில்கிறார்கள். சிரித்துக்கொண்டே படிக்கும்போது, ஒரு பிழை விட்டுப்போனால் சாட்டையடி விழும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. இன்னொரு பகுதியில், முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்து பாடும் வெள்ளையர் குழு ஒன்றில் ஜிம் சேர நேரிடுகிறது. உண்மையான கறுப்பினத்தவன் மேடையேறக் கூடாது என்பதால், கறுப்புப் பூசிய வெள்ளைக்காரன் என்று பார்ப்பவர் நம்பும்படி அவனுக்கும் ஒப்பனை செய்கிறார்கள். அக்குழுவின் தலைவர் டேனியல் எம்மட் வரலாற்றில் உண்மையாகவே இருந்தவர். 1843இல் நியூயார்க்கில் அப்படிப்பட்ட குழுவை நடத்தியவர்களில் ஒருவர். இந்நாவலுக்கு அமெரிக்காவின் தேசிய நூல் விருதும் 2025இல் புலிட்சர் பரிசும் கிடைத்தன.

டேவிட் வாக்கர் எழுதி மார்கஸ் குவாமி ஆண்டர்சன் வரைந்த ‘பிக் ஜிம்’ நூலும் அதே 2024இல்தான் வந்தது. அதில் ஜிம் அடிமைப்படுத்தியவர்களோடு துணிந்து மோதும் வீரன். முதுமையில் அவனும் ஹக்கும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, பிள்ளைகளுக்குப் பழங்கதை சொல்கிறார்கள். அந்தக் கிழவர்களின் சச்சரவில்தான் நூலின் உயிர் இருக்கிறது. சண்டைக் காட்சிகளில் ஜிம் மீண்டும் குறையற்ற நாயகனாகிவிடுகிறான். ஆகவே முதலில் ‘ஜேம்ஸ்’, பிறகு ‘பிக் ஜிம்’.

ஒரே ஒரு நூலுக்குத்தான் பணம் இருக்கிறது.
– திருச்சி வாசகர்

‘ஜேம்ஸ்’.

மாண்ட்ரேக்கையும் லொதாரையும் முத்து காமிக்ஸில் படித்து வளர்ந்தவன் நான். லொதாரைச் சித்திரித்த விதம் நிறவெறி என்று என் மகன் சொல்கிறான். பழைய இதழ்களை என்ன செய்வது?
– சிவகாசி வாசகர்

பத்திரமாக வைத்திருங்கள், மகன் சொல்வதையும் ஒப்புக்கொள்ளுங்கள். மந்திரவாதி மாண்ட்ரேக்கை நாயகனாக வைத்து 1934இல் லீ ஃபாக் தொடங்கிய அத்தொடரில், ஆப்பிரிக்க அரச குலத்தில் பிறந்த லொதார், சிறுத்தைத் தோலும் துருக்கித் தொப்பியும் அணிந்து, அரைகுறை ஆங்கிலம் பேசிக்கொண்டு மாண்ட்ரேக்கின் ஏவலாளாக வருகிறான். ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் 1965இல் வரையத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு ஒழுங்கான உடையும் ஒழுங்கான பேச்சும் வந்தன. ஒரே எழுத்தாளரின் கையில் அதே பாத்திரம் இப்படி மாறியதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க, உங்கள் அலமாரியில் இரண்டு காலத்து இதழ்களும் இருந்தால், உங்கள் மகனுக்கே அது பயன்படும்.

இன உறவுகளைப் பற்றிய நகைச்சுவையை வெள்ளையர் எழுதலாமா?
– சென்னை வாசகர்

எழுதலாம், நன்றாக எழுத வேண்டும் என்பதே நிபந்தனை. 2020இல் பிரெஞ்சுக்காரர்களான ழுல் எழுத, அஷ்டே வரைந்த, லக்கி லூக் என்ற கௌபாய் நாயகனின் காமிக்ஸ் கதை ஒன்றில், லூயிசியானாவில் ஒரு பருத்திப் பண்ணை லூக்குக்கு உயில் வழியாக வந்து சேர்கிறது. அதை உழைத்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்க அவர் நினைக்க, அண்டைப் பண்ணையாளர்கள் கொதித்தெழுகிறார்கள். தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவர், ஊர் முழுவதும் தம்மை ‘முதலாளி’யாகப் பார்ப்பதைக் கண்டு கூசிக் குறுகுவது நல்ல நகைச்சுவை. அடிமையாகப் பிறந்து சட்டக் காவலராக உயர்ந்த பாஸ் ரீவ்ஸ் என்ற வரலாற்று மனிதரும் அதில் வருகிறார். அவரை மிகுந்த மரியாதையோடு வரைந்திருக்கிறார்கள். அந்த மரியாதை காரணமாகவே, ஒரு நகைச்சுவைக் கதையில் சிரிப்புக்கு இடம் தராத ஒரே ஆளாக அவர் நிற்கிறார். ஃபிராங்க்ளினின் நோய்தான் இவருக்கும்.

‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ தொலைக்காட்சித் தொடராக வந்துவிட்டது. இனிப் புத்தகத்தைப் படிக்க வேண்டுமா?
– சிங்கப்பூர் வாசகர்

கண்டிப்பாக. ஜீன் லுவன் யாங் 2006இல் வெளியிட்ட அந்தக் கிராஃபிக் நாவலில், சீனரைப் பற்றிய எல்லா ஏளனங்களையும் ஒன்றாகத் திரட்டிய ஓர் உறவினன் வருகிறான்: துருத்திய பல், பின்னிய சடை, கோணல் ஆங்கிலம். அவன் வரும் பக்கங்களைத் தொலைக்காட்சி நகைச்சுவை நாடகம் போல அமைத்து, கட்டங்களின் அடியில் ‘ஹா ஹா ஹா’ என்ற எழுத்துகளை ஒரு பட்டைபோல ஓடவிட்டிருக்கிறார் யாங். சிரிப்பது யார் என்று கேட்டபடியே வாசகர் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. திரைக்கு மாற்றினால் அந்த உறவினன் மட்டும் தனியே வெட்டப்பட்டு இணையத்தில் வேடிக்கைக் காட்சியாக உலவுவான் என்று யாங் அஞ்சினார். அதனால் 2023இல் வந்த தொடரில் அப்பாத்திரத்தையே மாற்றி, ஒரு பழைய நகைச்சுவை நாடகத்தில் ஏளனத்துக்குரிய வேடம் ஏற்று, பின்னர் வாய்ப்பில்லாமல் போன நடிகனாக ஆக்கினார்கள். அவ்வேடத்தில் நடித்தவர் கீ ஹுய் குவான். குழந்தை நட்சத்திரமாகப் புகழ்பெற்று, அதன்பின் நல்ல வேடங்கள் கிடைக்காமல் பல ஆண்டுகள் நடிப்பைவிட்டு விலகியிருந்தவர் அவர். தொடரைப் பார்க்கும்போது அவர் தோன்றும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். ஆனால் அந்தச் சிரிப்புப் பட்டை புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது.